சரித்திரப் போர்ப்படங்களும் நெறியாளர் பதிப்பும்

சரித்திரம் போதிக்கும் ஆசிரியர்க்குப் போட்டியாளர் ஒருவர் உளர். அவர் பட நெறியாளர். நாற்பது நிமிடப் பாடவேளைகள் பலவற்றில் நாம் கூறி முடியாததை அவர் இரண்டரை மணி நேரத்திற் காட்டிவிடுகின்றார். அன்றியும், அவர் காட்டியது மாணவர் உள்ளத்திற் பதிந்து நிற்குமளவிற்கு நாம் கூறியது நிற்பதில்லை. ஆதலின் சரித்திரப் படங்களைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் எம்மனோர்க்கு இனி இயலாது. நூலொன்றை மாணவர் கையிற் கொடுக்குமுன் அது முழுநூலோ சுருக்கமோ, எவர் பதிப்பித்தது என நோக்குகின்றோம். படத்தையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும். ஏனெனிற் படங்களுக்கும் பதிப்புகள் உள.

இதனை யான் அறிந்தது என் பிழை ஒன்றினாலேயாம். சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய சரித்திரம் பயிலும் உயர்தர வகுப்பு மாணவர்க்குச் சிலுவைப் போர்களைப் பற்றிக் கூறிவருங்கால், றிட்லி ஸ்கொட் என்னும் ஆங்கில நெறியாளர் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிங்டம் ஒவ் ஹெவன்' என்ற படத்தைக் காட்டினேன். 'விண்ணரசு' எனப் பொருள்படும் அப்படம் 1187 இல் யெரூசலேம் நகரம் சுல்தான் சலாதீனிடம் வீழ்ந்த வரலாற்றைக் கூறுவது. படம் முடிந்ததும் மாணவனொருவன் எழுந்து, அரசி சிபில்லா தன் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு உருக்குலைந்து போனமைக்குக் காரணம் யாது என வினாவினான். யான் சிறிதும் தயங்காது, தம்பி இறந்த துயரமென்று விடை கூறினேன். அவன் அமர்ந்துவிட்டான். பின்னர் ஒருநாள் அதே படத்தின் நீண்ட பதிப்பைப் பார்க்க நேர்ந்தபோதுதான் யான் கூறியது முற்றும் தவறென்பது தெரிந்தது. அதற்குள் அம்மாணவர் பரீட்சை எழுதிக் கல்லூரியைவிட்டு நீங்கிவிட்டனர்.

யான் செய்த தவறு படத்தை விளங்காமை மாத்திரமன்று. காரணம் காட்டப்படாத ஓரிடத்தில், பொருத்தமாகத் தோன்றிய ஒரு காரணத்தை யானே இட்டு நிரப்பிவிட்டேன். சரித்திர மாணவன் எதனைச் செய்தலாகாதென ஆண்டுதோறும் எச்சரித்து வருகின்றேனோ அதனையே செய்தேன்.

ஆங்கிலத்தில் 'டைரக்டேர்ஸ் கட்' என வழங்குவதை ஈண்டு நெறியாளர் பதிப்பு என்போம். திரையரங்கிற்கு வரும் படம் எப்போதும் நெறியாளர் விரும்பிய வடிவினதாய் இருப்பதில்லை. மூன்று மணி நேரத்திற்கு மேற்பட்ட படமொன்றைக் காட்டுங்கால் அரங்கில் நாளொன்றுக்கு ஒரு காட்சி குறையும். காட்சி குறையின் வருவாயும் குறையும். ஆதலாற் பணமிட்ட நிறுவனத்தார் படத்தைக் குறுக்குமாறு பணிப்பர். அவ்வாறு நீக்கப்பட்டவற்றை மீளச் சேர்த்துப் பிற்காலத்தில் இறுவட்டாகவோ மறுவெளியீடாகவோ வருவதே நெறியாளர் பதிப்பாகும்.

இங்கே ஆராயவேண்டியது ஒன்றுண்டு. குறுக்கும்போது கத்தரி எவ்விடத்தில் விழுகின்றது? போர்க்களக் காட்சியில் அது விழுவதில்லை. குதிரைகள், கோட்டை மதில்கள், கவண்பொறிகள், நூற்றுக்கணக்கான துணை நடிகர் என்று பெரும்பொருள் விழுங்கியது அக்காட்சியே. விளம்பரத்திற் காட்டி மக்களை அழைத்ததும் அதுவே. அதனை வெட்ட எவர் துணிவார்? அறையொன்றில் இருவர் அமர்ந்து பேசும் காட்சியோ மலிவானது. அது நீங்கினும் கதை எப்படியோ ஓடிவிடும். ஆனால் யுத்தங்களின் காரணங்கள் பெரும்பாலும் அறைகளிலேயே பிறக்கின்றன. வாரிசுரிமை, திருமண உடன்படிக்கை, மந்திராலோசனை, அரசன் ஒருவனின் நோய் என்பனவெல்லாம் அறைக்குள் நிகழ்பவை. எனவே குறுக்கப்பட்ட போர்ப்படத்திற் போர் எஞ்சி நிற்க, போரின் காரணம் போய்விடுகின்றது. நெறியாளர் பதிப்பு ஒரு சரித்திரப் படத்தைச் சீராக்குமாயின், இழந்த காரணத்தை மீட்டுத் தருவதனாலேயே சீராக்குகின்றது என்பது என் கருத்து.

மேற்கூறிய படத்தையே எடுத்து நோக்குவாம். முதலிற் சரித்திரம். 1099 இற் சிலுவை வீரர் யெரூசலேமைக் கைப்பற்றி அங்கே ஓர் இராச்சியம் அமைத்தனர். 1174 இற் பதின்மூன்று வயதுச் சிறுவனான நாலாம் போல்ட்வின் அரசு கட்டிலேறினான். அவனைக் குட்டநோய் பற்றியிருந்தது. மணம் முடிக்கவியலாத அரசனுக்குப் பின் ஆட்சி எவர்க்கு என்பதே அன்றுதொட்டு இராச்சியத்தின் பெருவினாவாயிற்று. அவன் தமக்கை சிபில்லாவின் முதற் கணவன் 1177 இல் இறந்தான். அதன் பின் அவளுக்கு ஆண் மகவொன்று பிறந்தது. 1180 இல் அவள் பிரான்சிலிருந்து வந்த கீ என்னும் லுசிஞான் குடிப் பிரபுவை மறுமணஞ் செய்தாள். கீயின் ஆற்றலில் நம்பிக்கை இழந்த அரசன், 1183 இல் அக்குழந்தைக்கே ஐந்தாம் போல்ட்வின் என்ற பெயரால் முடிசூட்டி இணையரசனாக்கினான். அக்குழந்தை உயிரோடிருக்குமளவும் கீ அரசனாதற்கு வழியில்லை. 1185 இல் நோயுற்ற அரசன் மறைந்தான். அடுத்த ஆண்டில் ஏக்கர் நகரிற் குழந்தையரசனும் மறைந்தான். தாய் முடிசூடித் தன் கணவன் தலையிலும் முடியை வைத்தாள். திரிப்போலிப் பிரபு ரேமண்டின் கட்சி தோற்றது. அதற்கடுத்த ஆண்டில், நீர் நிறைந்த செபோரியாப் பாசறையை விட்டுக் கடுங்கோடையில் நீரற்ற மேட்டுநிலத்தினூடே படையை நடத்தவேண்டாமென ரேமண்ட் கூறிய மதியைக் கீ கேட்டிலன். முற்றுகையுண்டிருந்த திபேரியா நகரினுள் இருந்தவள் ரேமண்டின் சொந்த மனைவி என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். 1187 யூலை 4 ஆம் நாள் ஹத்தீனிற் சிலுவைப் படை தாகத்தால் நலிந்து அழிந்தது. மூன்று மாதத்தில் யெரூசலேம் வீழ்ந்தது.

இத்தொடரில் நடுக் கண்ணி அக்குழந்தையே. 144 நிமிட நேரம் ஓடிய திரையரங்குப் பதிப்பில் அக்குழந்தை இல்லை! முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. குட்டநோயுற்ற அரசன் இறந்தவுடன் கீ தன் மனைவி வழியாக அரசனாகிவிடுகின்றான். யுத்தம் வருகின்றது. அரசி சிதைந்து போகின்றாள். ஏன் என்பதற்கு விடையில்லை.

ஏறக்குறைய 190 நிமிட நேரம் ஓடும் நெறியாளர் பதிப்பிலோ குழந்தை வருகின்றான், முடிசூடுகின்றான். உருகிய அரக்கு அவன் கைமேற் படுகின்றது. அவன் வலியால் துடிக்கவில்லை. அதைக் காணுந் தாயின் முகத்திலே தம்பியின் வரலாறு முழுவதும் ஒரு கணத்தில் ஓடி மறைகின்றது. தம்பி முகமூடிக்குள் அழுகிய கொடுமையை மகனும் படுதலாகாதென்று, உறங்கும் குழந்தையின் செவியில் அவள் நஞ்சை வார்க்கின்றாள். அதன் பின்னரே கீக்கு முடி. அதன் பின்னரே கூந்தலைக் கத்தரித்தல். எம் மாணவன் கேட்ட வினாவிற்கு உரிய விடை இக்காட்சியில் இருந்தது. நிறுவனத்தார் அதனைக் குப்பைக் கூடைக்கு அனுப்பியிருந்தனர்.

தாய் மகனைக் கொன்றாள் என்பதற்கோ, அக்குழந்தைக்குக் குட்டநோய் இருந்தது என்பதற்கோ சரித்திரச் சான்று கிடையாது. அஃது எழுத்தாளர் வில்லியம் மொனஹனின் கற்பனை. ஆயினும் அக்கற்பனையின் வித்து எங்கிருந்து வந்ததென ஆராயின் வியப்பே உண்டாகும். நாலாம் போல்ட்வின் சிறுவனாயிருந்தபோது அவனுக்குக் கல்வி கற்பித்தவர் பின்னாளில் தீர் நகரப் பேராயரான வில்லியம் என்னும் சரித்திராசிரியர். பிரபுக்களின் பிள்ளைகள் விளையாட்டாக ஒருவர் கையை ஒருவர் நகத்தாற் கீறுவராம். ஏனைய சிறுவர் அலற, இளவரசன் மட்டும் அசையாதிருந்தானாம். அதனைப் பொறுமை என்றே முதலில் எண்ணியதாகவும், பின்னர் அவன் வலக்கை உணர்விழந்திருந்ததைக் கண்டறிந்ததாகவும் அவர் எழுதி வைத்துள்ளார். மாணவனின் நோயை முதன்முதற் கண்டவர் ஆசிரியர் என்பது எம் தொழிலினர் நெஞ்சைத் தொடும் செய்தியாம். நெறியாளர் பதிப்பில் வரும் அரக்குக் காட்சி, மாமனுக்கு நிகழ்ந்ததை மருமகனுக்கு மாற்றிக் காட்டியதேயன்றி வேறன்று. நிகழ்ச்சி புனைவு, ஆயினும் குழந்தையின் சாவே கீயை அரசனாக்கியது என்னும் காரண அமைப்பு மெய். குறும்பதிப்பிற் புனைவும் இல்லை, மெய்யும் இல்லை, வெற்றிடமே உண்டு.

இன்னுஞ் சிறு திருத்தங்கள் சில உள. குறும்பதிப்பிற் பிரான்சிய சிற்றூரொன்றின் கொல்லனான பேலியன் திடீரெனப் பெருநகரொன்றின் முற்றுகையை எதிர்த்து நிற்கும் சூத்திரதாரியாகின்றான். நீள்பதிப்போ அவன் முன்னரே போர் கண்டவன், பொறியமைக்கத் தெரிந்தவன் என உணர்த்திவிடுகின்றது. அவன் தந்தையின் கூட்டத்தை வழிமறித்துத் தாக்குவதற்கும் சொத்துரிமை பற்றிய குடும்பப் பகையே காரணமென அங்கு விளங்குகின்றது. இவை பெரியனவல்ல, விட்டுச் செல்வாம்.

வேறொரு படத்திற் காரணம் இழந்த வகை வேறு. கித்துல்கலையிற் களனி கங்கையின் குறுக்கே பாலம் அமைத்து 1957 இற் குவாய் நதிப் படத்தை வெளியிட்டமையால் எம் நாட்டார் நன்கறிந்த டேவிட் லீன், 1962 இல் 'லோறன்ஸ் ஒவ் அரேபியா'வை வெளியிட்டார். முதலாம் உலகப் போரில் ஒட்டோமன் துருக்கியர்க்கு எதிராக அராபியரைத் திரட்டிய ஆங்கிலேய அதிகாரி லோறன்சின் வரலாறு அது. முதற் காட்சியில் அது 222 நிமிடம். சில வாரங்களில் ஏறத்தாழ இருபது நிமிடம் போயிற்று. 1970 களின் தொடக்கத்தில் 187 நிமிடமே எஞ்சியது. போனவற்றுள் ஒன்று, மனம் உடைந்து பணியினின்றும் நீங்க விரும்பிய லோறன்சைச் சேனாதிபதி அலன்பி தன் சொல்வன்மையால் மீண்டும் பாலைவனத்திற்கு அனுப்பும் உரையாடலின் பகுதியாகும். ஒரு மனிதனின் புகழாசையை ஒரு பேரரசு எவ்வாறு கருவியாக்கியது என்பதற்கு அவ்வுரையாடலிலும் சிறந்த விளக்கம் படத்தில் வேறில்லை. 1916 இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அராபிய நிலத்தை மறைவாகப் பங்கிட்டுக்கொண்ட சைக்ஸ்-பிக்கோ உடன்படிக்கையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு, டமஸ்கஸ் நகர ஊர்வலத்தைக் காட்டிலும் பயன்படுவது அந்த அறைக் காட்சியே.

1989 இல் றொபேட் ஹரிஸ் என்பார் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி எடுத்து, லீனின் மேற்பார்வையில் மீட்டமைத்தார். சில காட்சிகளுக்குப் படம் இருந்தது, ஒலி இல்லை. எனவே பீற்றர் ஓட்டூல் முதலிய நடிகர் கால் நூற்றாண்டின் பின் வந்து தம் இளமைக்காலச் சொற்களை மறுபடி பேசிப் பதிவு செய்தனர். அலன்பியாக நடித்த ஜக் ஹோக்கின்ஸ் 1973 இல் இறந்துவிட்டமையால் வேறொருவர் அவர்க்காகப் பேசினார். ஓலைச்சுவடியில் செல்லரித்த இடத்தைப் பிறிதொரு பிரதி கொண்டு நிரப்பிய எம் பதிப்பாசிரியர்களின் உழைப்பையே இது நினைவூட்டுகின்றது. குறிப்பிடத்தக்கது யாதெனில், மீட்டமைக்கும்போது லீன் தாமே சில இடங்களைச் சிறிது கத்தரித்தார் என்பது. நெறியாளர் பதிப்பு என்றால் எடுத்ததையெல்லாம் திணித்தல் என்பது பொருளன்று.

1981 இல் வொல்வ்காங் பீற்றர்சன் ஜேர்மன் மொழியில் எடுத்த 'டாஸ் போட்' என்னும் நீர்மூழ்கிப் படம் மூன்றாவது வகையினது. திரையரங்கில் அது 149 நிமிடம். 1997 இல் வந்த நெறியாளர் பதிப்பு மூன்றரை மணி நேரமளவானது. தொலைக்காட்சித் தொடராக வந்ததோ ஐந்து மணி நேரத்தை அண்மியது. இங்கே மீண்டு வந்தது காலமே. 1941 இன் பிற்பகுதியில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் அலையும் அக்கப்பலிற் பகைவரைக் காணாத நாள்களே மிகுதி. புயல், நாற்றம், பூஞ்சணம் பிடித்த பாண், ஒருவரையொருவர் எரிச்சலூட்டும் பேச்சு. குறும்பதிப்பில் ஒரு தாக்குதல் முடிய மறுதாக்குதல் விரைந்து வருகின்றது. பார்ப்போன் நீர்மூழ்கிப் போர் வீரசாகசம் என எண்ணுவான். நீள்பதிப்பில் அவன் சலிப்படைகின்றான். அச்சலிப்பே சரித்திரம். போர்வீரர் பெரும்பொழுதும் காத்திருந்தனர் என்பதை விரைவாகச் சொல்ல வழியில்லை. மூலநாவலை எழுதிய புக்ஹைம் போர் நிருபராக அத்தகைய கப்பலொன்றிற் சென்று வந்தவர் என்பதும் நினைவிற்குரியது.

நீளமே சிறப்பு என்று இதனாற் கொள்ளற்க. வியற்நாம் யுத்தத்தைப் பற்றிக் கொப்போலா 1979 இல் வெளியிட்ட 'அப்பொக்கலிப்ஸ் நௌ' படத்திற்கு 2001 இல் 202 நிமிட நீள்பதிப்பு வந்தது. 2019 இல் அவரே அதனைக் குறைத்து 183 நிமிடமாக மூன்றாம் பதிப்பொன்றை வெளியிட்டார். தாம் சேர்த்தது மிகை என நெறியாளரே கண்டனர் போலும். ஆயினும் ஆற்றோரப் பிரெஞ்சுத் தோட்டக்காட்சியை அவர் நீக்கினாரல்லர். கதையோட்டத்தை அது தடைசெய்கின்றதென விமரிசகர் பலர் குறை கூறினர். சரித்திரம் படித்த எனக்கு அக்குறை உடன்பாடன்று. அமெரிக்கர்க்கு முன் பிரெஞ்சுக்காரர் அந்நிலத்திற் போரிட்டு 1954 இல் டியென் பியென் பூவிற் தோற்றனர் என்பதை அப்படத்தில் விரிவாக நினைவூட்டும் இடம் அஃதொன்றே.

நெறியாளர் இறந்தபின் செய்யப்படும் பதிப்பை எவ்வாறு அழைப்பது என்பதும் ஒரு சிக்கல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க முதலாங் காலாட்படைப் பிரிவிற் போரிட்ட சாமுவேல் புல்லர், தம் அனுபவத்தை 1980 இல் 'த பிக் ரெட் வன்' எனப் படமாக்கினார். அது 113 நிமிடமாகக் குறுக்கப்பட்டது. 1997 இல் அவர் இறந்தார். ஏழாண்டின் பின் ரிச்சட் ஷிக்கல் என்னும் விமரிசகர் புல்லரின் கையெழுத்துப் படியைத் துணைக்கொண்டு நாற்பது நிமிடத்திற்கு மேற் சேர்த்தார். அதனை 'மீட்டமைப்பு' என்றே அழைத்தனர், நெறியாளர் பதிப்பு என்றல்ல. இந்நேர்மை பாராட்டற்குரியது.

இனி, எந்தப் பதிப்பும் தீர்க்காத குறைகளுக்கு வருவோம். றிட்லி ஸ்கொட்டின் படம் 190 நிமிடமாக நீண்டபோதும் பேலியன் கொல்லனாகவே இருக்கின்றான். மெய்யான பேலியன் கீழைத்தேயத்திலேயே வேரூன்றிய இபெலின் குடிப் பிரபு. முன்னை அரசன் ஒருவனின் விதவையான மரியா என்னும் பைசாந்திய இளவரசியை மணந்தவன். சிபில்லாவோடு அவனுக்குக் காதல் இருந்ததில்லை. சிபில்லா தன் கணவன் கீயை விட்டுப் பிரிய மறுத்தவள். 1190 இல் ஏக்கர் முற்றுகைப் பாசறையில் நோயால் இறந்தவள். படத்திலோ அவள் பேலியனோடு பிரான்சிற்குப் போய்விடுகின்றாள். ஹத்தீனிலிருந்து தப்பிய பேலியன், மனைவி மக்களை அழைத்துச் செல்ல ஓரிரவு மட்டும் தங்குவதாகச் சலாதீனிடம் ஆணையிட்டே யெரூசலேமிற்குள் நுழைந்தான் என்றும், நகர மக்கள் கெஞ்சவே அவ்வாணையை மீறித் தங்கினான் என்றும், அதற்குச் சலாதீன் சினவாது அவன் குடும்பத்தைக் காவலோடு அனுப்பினான் என்றும் அக்கால வரலாறுகள் கூறும். எவ்வளவு சிறந்த நாடகம்! இதனைக் கைவிட்டுக் கொல்லன் கதையை ஏன் புனைந்தனரோ, அறியேம்.

சென்ற ஆண்டு இப்படத்தை வேறொரு வகுப்பிற்குக் காட்ட நேர்ந்தது. இம்முறை நீள்பதிப்பையே தெரிந்து, இரண்டு சனிக்கிழமைகளிற் பகுத்துக் காட்டினேன். கூந்தலைப் பற்றி எவரும் வினாவவில்லை, வினாவ வேண்டியிருக்கவில்லை. இறுதியில் யெரூசலேமின் வாயில் திறக்க, மக்கள் அனைவரும் அச்சமின்றி வெளியேறும் காட்சி வந்தது. மாணவியொருத்தி, இத்தனை பேரையும் சலாதீன் ஒன்றும் பெறாமல் விட்டானோ என்று கேட்டாள்.

அதற்கு விடை 144 நிமிடத்திலும் இல்லை, 190 நிமிடத்திலும் இல்லை. எனவே கரும்பலகையில் எழுதினேன். 1187 ஒற்றோபர் 2 ஆம் நாள் நகரம் சரணடைந்தது. மீட்புப் பணம் ஆணுக்குப் பத்துத் தீனார், பெண்ணுக்கு ஐந்து. கொடுக்க வகையற்ற ஏழைகளுள் ஏழாயிரம் பேரை மீட்கப் பேலியன் 30,000 தீனார் கொடுத்தான். சலாதீனின் தம்பி ஆயிரம் பேரைத் தனக்குப் பரிசாகக் கேட்டுப் பெற்று விடுதலை செய்தான். சலாதீனும் முதியோர் பலரை விட்டான். அதன் பின்னரும் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர்.

மாணவி சற்று நேரம் கரும்பலகையையே பார்த்திருந்தாள். பின்னர், 30,000 ஐப் பத்தால் வகுத்தால் மூவாயிரம் ஆண்களுக்கே போதுமே, ஏழாயிரம் எவ்வாறு வந்தது என்றாள். மற்றையோர் கொப்பிகளை எடுத்துப் பெண்களையும் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கினர். அனைவரும் பெண்களேயாயினும் ஆறாயிரத்தைத் தாண்டவில்லை. பேலியன் பேரம் பேசியிருக்கவேண்டும் என ஒருவன் கூற, பேசிய அறையில் வேறு எவர் இருந்தனர் என மற்றொருவன் கேட்டான். நேரமாகிவிட்டமையால் அதனை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம்.